ஜமுக்காளத்தில் வடிகட்டியது

ஜூன் 3, செவ்வாய்

இதனால் பவானி நகரப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், சென்னியப்பன் ஜமுக்காள ஸ்டோர்ஸ் உரிமையாளரின் ஒரே வாரிசும், பதினொன்றாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சுத் தலைவருமாகிய நிதர்சன் அவர்களின் மேலுதட்டில் இன்று காலை மீசை காணப்பட்டது. எட்ட நின்று பார்த்தால் தெரியாது. கிட்ட வந்து பார்த்தாலும் தெரியாது. நம்பிக்கையோடு பார்த்தால் தெரியும். இதை முன்னிட்டு இன்று முதல் நாட்குறிப்பு எழுதத் தீர்மானித்திருக்கிறேன். மீசையுள்ளவர்களின் வாழ்க்கை வரலாற்றை நாடு பின்னால் கேட்கும்.

இனி, முக்கியமில்லாத செய்திகள்.

அம்மாவுக்குப் பதவி உயர்வு. இத்தனை வருடமாகப் பால் யூனியன் ஆய்வகத்தில் உட்கார்ந்து, எந்த ஊர்ப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். இனி சங்ககிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பால் குளிரூட்டும் நிலையத்துக்கே பொறுப்பாளர். விடிவதற்கு முன்பே பால் வண்டிகள் வந்துவிடும், அதற்குமுன் அம்மா அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஜூலை ஒன்றாம் தேதி சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஆகவே கார். ஈரோட்டு டாக்டர் ஒருவர் ஓட்டி முடித்த பழைய கார். ஆட்டோமேட்டிக், கிளட்ச் கிடையாது. அம்மாவுக்கு அதில் மிகவும் பிடித்தது குரூஸ் கண்ட்ரோல். ஒரு பட்டனை அமுக்கினால் வண்டி அதே வேகத்தில் தானாகப் போகும், காலை எடுத்துவிடலாம். வீட்டில் இப்படி ஒரு பட்டன் இருந்தால் சமையலை விட்டுவிட்டுக் கொஞ்சம் உட்காரலாம் என்றார். அப்பா காதில் விழாத மாதிரி பேப்பரைத் திருப்பினார்.

அப்பாவின் பங்களிப்பு: காருக்குள் ஜமுக்காளம். "பவானிக்காரன் வண்டியில ரப்பர் மேட்டா? எவனாச்சும் பாத்தான்னா கடையை மூடிட்டுப் போகச் சொல்லுவான்" என்று, கடையிலேயே நல்ல சிவப்பு பச்சைக் கோடு போட்டதாக எடுத்து வெட்டி, ஓரம் அடித்து, ரப்பர் மேட்டின் மேலேயே விரித்துவிட்டார். உட்கார்ந்தால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. காலடியில் இலைதான் பாக்கி.

ஜூன் 8, ஞாயிறு

பிரேக்கிங் நியூஸ். பிரேக் போட்டும் நிற்காத நியூஸ். எழுத்து கோணலாக இருந்தால் அது வீரத்தின் கோணல் என்று கொள்க.

புது வேலையிடத்துக்கு ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் அம்மா. அப்பாவுக்குக் கடை. நான் துணை. குமாரபாளையம் தாண்டியதும் ரோடு காலி. அம்மா குரூஸ் பட்டனை அமுக்கிவிட்டு, "பாத்தியாடா, உங்கம்மா மகாராணியாட்டப் போறேன்" என்றார். முன்னால் தேங்காய் நார் ஏற்றின லாரி ஒன்று ஆடி ஆடிப் போனது. அதை முந்த அம்மா ஆக்சிலேட்டரை ஒரே மிதி மிதித்தார். முந்திவிட்டோம். அம்மா காலை எடுத்தார். வண்டி மட்டும் அம்மா காலை எடுத்ததை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்னும் மிதிப்பது மாதிரியே பறந்தது.

"குரூஸ் விட மாட்டீங்குதுடா" என்றார். பட்டனை அமுக்கினார். விளக்கு அணைந்தது. வண்டி அடங்கவில்லை. பிரேக்கை மிதித்தார். வண்டி முக்கிக்கொண்டு கொஞ்சம் குறைந்தது, மறுபடி இழுத்தது. கருகல் வாடை. எதிரே மேம்பாலம், அதன் ஓரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு பஸ்.

அப்போதுதான் நான் செயலில் இறங்கினேன். பதறாமல், சிதறாமல், ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தேன். இழுத்தேன். வண்டி கட்டுப்பட்டு ஓரமாக நின்றது. சரித்திரம்.

பின்னால் வந்த நார் லாரிக்காரர் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, ஆருங்க நியூட்ரல் போட்டது? பொழைச்சீங்க போங்க. அவனவன் பயத்துல கண்டதையும் புடிச்சு இழுத்துத்தான் சாகறான்" என்றார்.

"ஹேண்ட்பிரேக் போட்டது நான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

அம்மா இறங்கும்போது காலோடு ஜமுக்காளமும் சுருண்டு வெளியே வந்தது. அதை உதறி உள்ளே போட்டேன். திரும்ப ஸ்டார்ட் செய்தால் வண்டி பூனைக்குட்டி மாதிரி நிற்கிறது. நடிப்பில் என்னையே மிஞ்சிவிட்டது.

அம்மாவின் இடது கையில் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்திருந்தன. எப்படி என்று தெரியவில்லை. பரபரப்பில் இதெல்லாம் நடப்பதுதான்.

ஜூன் 9, திங்கள்

வகுப்பில் எனக்கு 'ஹேண்ட்பிரேக் நாயகன்' என்று பட்டம். வலது உள்ளங்கையில் வீரத்தழும்பு இருக்கிறது, எல்லோருக்கும் காட்டினேன். சுதன் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டேய் மாப்ள, ஹேண்ட்பிரேக்கு நேராத்தானடா இருக்கும்? தழும்பு ஏன்டா வட்டமா இருக்குது?" என்றான்.

பொறாமை.

ஜூன் 11, புதன்

கார் ரபீக் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில். நானும் அம்மாவும் அப்பாவும் போனோம். ரபீக் அண்ணன் வண்டியைத் தொடும் முன்னால் கையைத் துடைத்துவிட்டு, ஜமுக்காளத்தை மரியாதையாக எடுத்து மடித்து டிக்கியில் வைத்தார். "அண்ணன் கடைச் சரக்கு, கிரீஸ் பட்டா மனசு கேக்காதுங்க." பிறகு ஒரு கருவியைச் சொருகிப் பார்த்தார். குரூஸ் பட்டனைக் கழற்றி மாட்டினார். பைபாஸ் வரைக்கும் விரட்டு விரட்டு என்று விரட்டி ஓட்டிவிட்டு வந்தார்.

"வண்டியில ஒண்ணுமே இல்லீங்கண்ணா. குரூஸ் சுத்தமா வேலை செய்யுது." அப்புறம் அம்மா பக்கம் திரும்பாமல், ஸ்பானரிடம் சொல்வது மாதிரி சொன்னார்: "புதுசா ஓட்டறவங்களுக்குக் கால் மாறறது சகஜந்தானுங்க. பிரேக்குன்னு நெனைச்சு ஆக்சிலேட்டர்ல வெச்சிருவாங்க."

"நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன், ரபீக்கு."

"அப்படித்தானுங்க்கா தோணும்."

அப்பா பெரிய மனதோடு, "சரி உடு, தமயந்தி. ஆருக்குத்தான் மாறாது? நல்லவேளை பையன் கூட இருந்தான்" என்றார்.

ரபீக் அண்ணன் ஜமுக்காளத்தை எடுத்துக் கொடுக்க, அப்பா சுருக்கம் இல்லாமல் விரித்தார். வீட்டுக்கு வண்டியை அப்பா ஓட்டினார். ஊருக்குள் ஊர்ந்துதான் வந்தோம். அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை, சுவர்தான்.

ஜூன் 12, வியாழன்

அம்மா ஆய்வகத்துக்கு பஸ்ஸில் போனார். காருக்கு உறை போட்டாகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

சேலத்திலிருந்து அத்தை வந்தார். வந்ததும் வராததுமாக எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டார். "என்ற சாமி! நீ மட்டும் இல்லீனா இந்நேரம் என்னாயிருக்கும்!" என்று முகத்தை வழித்து நெட்டி முறித்தார். மீசையில் கை பட்டது. அத்தைக்கும் தெரியவில்லை.

கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்துகொண்டே போகிறது. இன்றைய பதிப்பில் இடது கையால் ஸ்டீயரிங்கையும் நானே பிடித்திருந்தேன். நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அது எப்படி முடியும் என்று யாரும் கேட்கவில்லை. கதையில் ஓட்டை விழுந்தால் அத்தையின் கண்ணீர் அடைத்துவிடுகிறது.

அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். "சாப்புடு, ஆறுது" என்று மட்டும் சொன்னார்.

கைகழுவும்போது அத்தை அப்பாவிடம், "நானாச்சும் சொல்றேன் கேளு. அவளுக்கு அந்த வண்டி வேண்டாம். விடியக்கருக்கல்ல தனியா ஓட்டிட்டுப் போயி, இவனும் பக்கத்துல இல்லாம... இருக்கற வேலையே போதும்னு எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றார். அப்பா, "அதைத்தானக்கா நானும் நெனைச்சேன்" என்றார்.

அல்வா கொண்டுவந்திருந்தார். எனக்குத்தான் பெரிய துண்டு. இரண்டாவது வாய்க்குமேல் இறங்கவில்லை. இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா அந்தப் பக்கம் போனேன்.

"நித்து, ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கி நீதான பக்கத்துல இருந்தே. என்ற காலு எதுல இருந்துச்சுன்னு பாத்தியா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமா இருக்குதுடா. பிரேக்குலதான் இருந்துச்சுன்னு நெனைச்சேன். இப்ப ராத்திரியெல்லாம் காலை நெனைச்சுப் பாக்கறேன். இதுவா அதுவான்னு தெரிய மாட்டீங்குது."

பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள். யார் என்ன சொன்னாலும் மீட்டர் காட்டுவதுதான் கணக்கு என்பவர். அவருக்கு அவர் கால் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கவில்லை என்றும் வரவில்லை. நான் ஹேண்ட்பிரேக்கில் மும்முரமாக இருந்தேன் அல்லவா.

"கவனிக்கலம்மா" என்றேன்.

"சரி கண்ணு" என்று சொல்லி, என் சட்டையை மடித்து மேலே வைத்தார்.

ஜூன் 20, வெள்ளி

வீட்டில் சிரிப்பு வறட்சி. நிவாரணப் பணியாக, கார் உறையின் மேல் அட்டையில் எழுதி ஒட்டினேன்: 'அமரர் ஊர்தி அல்ல. அயர்ந்து தூங்கும் ஊர்தி. ஹாரன் அடித்து எழுப்பாதீர்.' அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அதைப் படித்தார். வழக்கமாக என் சேட்டைக்குச் சிரித்துவிட்டுத்தான் திட்டுவார். இன்று இரண்டுமே இல்லை. அட்டையின் ஒரு மூலை பிரிந்திருந்தது, அதை ஒட்டிவிட்டு உள்ளே போனார்.

மாலையில் மேஜையில் உட்கார்ந்து அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். சொந்தக் காரணங்களால் பதவி உயர்வு வேண்டாம் என்று. எழுதி முடித்துக் கைப்பையில் வைத்தார். திங்கட்கிழமை கொடுப்பாராம்.

அந்தக் கைப்பைக்குள் ஒருமுறை ரப்பர் பல்லி போட்டவன் நான். இன்று பை என் பக்கத்திலேயே அரை மணி நேரம் இருந்தது. ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டும்.

காலையில் அப்பா கார் உறையைக் கழற்றினார். ஈரோட்டுக்கு நூல் வாங்கப் போகிறாராம். "வண்டி சும்மாவே கெடந்தா பேட்டரி போயிரும். நானே ஓட்டிப் பாத்துட்டு வரேன். இதுல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா இவளுக்கும் மனசு ஆறும்." ஜமுக்காளத்தை எடுத்துத் தட்டி, மறுபடி நேராக விரித்தார். என்னைப் பார்த்து, "அப்படியே ஏதாச்சும் ஆனாலும், அதான் ஹேண்ட்பிரேக் இருக்குதே" என்று கண்ணடித்தார். நானும் கண்ணடித்தேன்.

மதியம் வந்தார். வாசலில் நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. முன் பம்பர் ஒரு பக்கம் உள்ளே போய், மணல் ஒட்டியிருந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"நாய் குறுக்க வந்துச்சு."

"நூலு எங்கப்பா?"

"நூலா?" என்று பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "மறந்துட்டேன்."

ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். பிறகு ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் போட்டார். "வெயில்ல காயட்டும்" என்றார். அது நனையவே இல்லை.

சாயங்காலம் அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனார். கீழே வரும்போது துணி இல்லை, ஜமுக்காளம் மட்டும் தோளில். பச்சைக் கோட்டின் ஓரத்தில் பாதி நிலா மாதிரி கறுப்பாக ஒரு அச்சு. பெடலின் அடி விளிம்பு அதே அளவு. அம்மா கார்க் கதவைத் திறந்து குந்தி உட்கார்ந்தார். அப்பா விரிப்பது மாதிரியே ரப்பர் மேட்டின் மேல் விரித்தார். கையால் ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் அழுத்தினார். ரப்பர் மேல் வழுக்கி, ஜமுக்காளத்தின் ஓரம் மெதுவாகப் பெடல் மேல் ஏறிக் கவ்விக்கொண்டது. அம்மா கையை எடுத்தார்.

பெடல் மேலே வரவில்லை.

அம்மா ஜமுக்காளத்தை எடுத்து, மறுபடி விரித்து, மறுபடி அழுத்திப் பார்த்தார், அதே கதை. பிறகு செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ரபீக்கு, நீ ஓட்டிப் பாத்தியே, அப்ப ஜமுக்காளம் எங்க இருந்துச்சு?"

"டிக்கியில இருந்துச்சுங்க்கா. அழுக்காயிருமேன்னு மடிச்சு வெச்சுட்டுத்தான ஓட்டுனேன். ஏனுங்க்கா?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு வண்டி வரும், பம்பர் பாக்கோணும்."

போனை வைத்துவிட்டு, "ஏனுங்க, கொஞ்சம் வாங்க" என்றார். அப்பா வந்தார். அமுங்கிக் கிடக்கும் பெடலைப் பார்த்தார். அம்மா கேட்டார்: "எந்த நாயிங்க குறுக்க வந்துச்சு?"

அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சித்தோடு பைபாஸ்ல ஒரு பஸ்ஸை முந்தறதுக்கு மிதிச்சேன். வுடவே இல்ல, தமயந்தி. நீ சொன்னயே, அப்படியேதான். பிரேக்கை மிதிக்க மிதிக்க இழுக்குது. எனக்குக் கை காலெல்லாம் உதறிருச்சு." சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தார். "குனிஞ்சு பாத்தா என்ற ஜமுக்காளம். நானே வெட்டி நானே விரிச்சது. வந்து உங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணுதான் வெளங்கல" என்றார் அப்பா. "இவன் சொன்னானேன்னு ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். நிக்கல. வண்டி பம்பரமாட்டச் சுத்திருச்சு. ரோட்டோரம் வேலைக்கு மணல் கொட்டி வெச்சிருந்தாங்க, அதுல முட்டி நின்னுச்சு. அது இல்லீனா அந்தப் பக்கம் வாய்க்கா. ஓடற தண்ணி." தன் வலது கையால் இடது கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். "இவன் இழுத்தப்ப நின்னுச்சே. எனக்கு ஏன் நிக்கல? நாந்தான் சரியா இழுக்கலயோ?"

அப்பா அதை என்னிடம் கேட்கவில்லை. தன் கையிடம் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாரே, அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. இப்போதும் அவர் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

"நீங்க சரியாத்தான் இழுத்தீங்கப்பா" என்றேன். மீசை முளைப்பதற்கு முன்னால் இருந்த குரல் வந்தது. "அது நிக்காது. வண்டி ஓடறப்ப நான் இழுக்கவே இல்ல."

"அப்புறம் எப்படிடா நின்னுச்சு?"

"அம்மா."

அதற்குமேல் வரவில்லை. மூக்கில்தான் வந்தது.

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். "நானும் நாயின்னுதானடா சொன்னேன்" என்றார்.

ஜூன் 23, திங்கள்

அம்மா அந்தக் கடிதத்தை எடுத்துச் சுக்குச் சுக்காகக் கிழித்தார்.

அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அவர் கடையில் அந்தச் சரக்கு கிடையாது. சாயங்காலம் இரண்டு டஜன் கண்ணாடி வளையலோடு வந்தார். அளவு பெரியது. அம்மா அத்தனையையும் இடது கையில் போட்டுக்கொண்டார். கையைத் தொங்கவிட்டால் கழன்று விழுகிறது. அதனால் ராத்திரி வரைக்கும் கையை மடக்கித் தூக்கியபடியே நடமாடினார்.

ரபீக் அண்ணன் வந்து, "மன்னிச்சுக்கோங்க்கா, காலு மாறிருச்சுன்னு சொன்னது நாந்தான்" என்று நேராக அம்மாவைப் பார்த்துச் சொன்னார். டீ குடித்துவிட்டுப் போனார்.

அத்தைக்கு போன் போட்டு நானே சொன்னேன். முழுக்கக் கேட்டார். கடைசியில், "அந்த அல்வாவையாச்சும் உங்கம்மாளுக்குக் குடுத்தியா?" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

சுதனிடம் சொன்னேன். தழும்பை மறுபடி பார்த்துவிட்டு, "இது வளையல்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும் மாப்ள" என்றான். இத்தனை நாள் வெளியில் சொல்லாமல் இருந்திருக்கிறான். இனி அவன் டிபன் பாக்ஸில் கை வைப்பதில்லை. இந்த வாரம் மட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று விடியும் முன்னால் அம்மா கிளம்பினார். முதல் நாள் என்பதால் துணைக்கு நானும். காருக்குள் ரப்பர் மேட் மட்டும். ஜமுக்காளம் இப்போது கடையில் அப்பா நாற்காலியின் முதுகில் தொங்குகிறது. பவானி ஜமுக்காளம் பிடித்தால் விடாது என்று விளம்பரம் செய்யலாமே என்றேன். அப்பா முறைத்தார். பிறகு அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

வாசலில் நின்று, "தமயந்தி, ஏதாச்சும் ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"நியூட்ரல் போடறனுங்க."

"ஆமா. ஹேண்ட்பிரேக்கு வேண்டாம்."

குமாரபாளையம் தாண்டினோம். அம்மா குரூஸ் பட்டனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அமுக்கினார். வண்டி சீராகப் போனது. கொஞ்ச தூரம் போனதும் பிரேக்கை லேசாகத் தொட்டார். குரூஸ் விட்டுவிட்டது. மறுபடி போட்டார், மறுபடி தொட்டார், மறுபடி விட்டது. பால் மாதிரியைச் சோதிப்பது போல ஒவ்வொரு முறையும் "ம்" என்றார். நான் இந்தத் தடவை அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா.

அந்த மேம்பாலம் வந்தது. கேட்டுவிட்டேன்.

"ஏம்மா அன்னிக்கி நீங்க சொல்லல? எல்லாரும் உங்களையே சொன்னாங்களே."

அம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வண்டி நின்னப்ப உன்ற மூஞ்சிய நான் பாத்தேன்டா. ரத்தமே இல்ல. அந்த லாரிக்காரரு வந்தப்பத்தான் உனக்குப் பேச்சே வந்துச்சு. வந்த மொதப் பேச்சு பொய்யா இருந்தா என்ன, பேச்சு வந்துச்சேன்னு இருந்துச்சு." லைட்டை டிம் செய்துவிட்டு, "அதுக்குன்னு அத்தைகிட்ட நீ ஸ்டீயரிங்கையும் சேர்த்துப் புடிப்பேன்னு நான் நெனைக்கல" என்றார்.

நாங்கள் போன பிறகுதான் பால் வண்டிகள் வந்து வரிசையில் நின்றன. அம்மா உள்ளே போய் முதல் கேனுக்குப் பதிவேட்டில் கையொப்பம் இட்டார். நான் காரிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாடு பின்னால் என் வாழ்க்கை வரலாற்றைக் கேட்கும்போது திருத்திக்கொள்ள வேண்டியவை:

மீசை. அதில் பாதி அம்மாவின் கண்மை.

எட்டாம் தேதி. நான் பதறவில்லை, சிதறவில்லை என்று எழுதியிருக்கிறேன். நிதர்சனம் என்றால் கண்கூடு என்று தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார். அன்றைக்கு என்னுடையது கண்மூடு. மேம்பாலத்தோரத்து பஸ்ஸைக் கண்டதும் மூடியவன் வண்டி நின்ற பிறகுதான் திறந்தேன். இரண்டு கையாலும் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தேன். வளையல் உடைந்தது அதில்தான். கியரைத் தள்ள வேண்டிய கை அது. அம்மா என்னை உதறவில்லை. அந்தக் கையில் நான் முழுசாகத் தொங்கிக்கொண்டிருக்க, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டுபோய் நியூட்ரல் போட்டார்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தது நான்தான், அதில் மட்டும் மாற்றமில்லை. வண்டி நின்று, எஞ்சின் அணைந்து, அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்ட பிறகு இழுத்தேன்.